முதல் முறை ஆயில் மாற்றுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

இருசக்கர வண்டிகளின் எஞ்சின் ஆயில் பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருள் பற்றியவை என்பதால் அவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள கல்லூரிக்கு, அப்பாவின் பழைய ஸ்பிளெண்டர் வண்டியில் தினமும் போய் வருகிறேன். இந்த முறை ஆயிலை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். "தெரியாத வேலையில் கையை வைத்து எஞ்சினைக் கெடுத்துவிடாதே" என்று அப்பா தடுக்கிறார். அவர் சொல்வது சரிதானா? எப்படிச் செய்ய வேண்டும், எங்கே தவறு நேரும் என்று விளக்க வேண்டுகிறேன்.
(கல்லூரி மாணவர், சேரன்மகாதேவி)

பதில்: உங்கள் அப்பாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு போல்ட்டில்தான் இருக்கிறது. பழைய ஆயிலை வடிப்பதும் புதிய ஆயிலை ஊற்றுவதும் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடிய வேலைகள். அந்த டிரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது மட்டும் கை நிதானம் தவறக் கூடாது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகவும் அதை விரிவாகவும் எழுதுகிறேன். இதைப் படித்துக் காட்டிவிட்டு, முதல் முறை உங்கள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

முதலில் வண்டியோடு வந்த மேனுவலைத் தேடி எடுங்கள். எந்த ஆயில், எவ்வளவு ஆயில் என்ற இரண்டுக்கும் அதுவே ஆதாரம். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 தரமும் 'ஜாசோ எம்.ஏ.' முத்திரையும் உள்ள ஆயிலையே நிறுவனம் சொல்கிறது (இவற்றின் பொருளை அடுத்த பதிலில் விளக்குகிறேன்). அளவு மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் பெரும்பாலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: ஆயிலை வடித்த பின் ஊற்ற வேண்டிய அளவு ஒன்று, எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டும்போது ஊற்ற வேண்டிய அளவு மற்றொன்று. எவ்வளவு வடித்தாலும் உள்ளே சிறிது ஆயில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் முதல் எண் குறைவாக இருக்கும். உங்களுக்கு உரியது அந்தக் குறைந்த எண்தான். கேனில் இருக்கிறதே என்று முழுவதையும் ஊற்றிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

17 எண் ரிங் ஸ்பேனர் ஒன்று, 2 லிட்டராவது பிடிக்கும் அகலமான பழைய பேசின், சுத்தமான புனல், பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புதிய வாஷர் ஆகியவை போதும். இரண்டு பக்கமும் வாய் திறந்த ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டாம். அது வழுக்கினால் போல்ட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிடும்; பிறகு எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காது. வாஷர் சில ரூபாய்ப் பொருள்தான். என்றாலும், பழையதையே போட்டுவிட்டு ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்குவதிலிருந்துதான் பல எஞ்சின்களின் கேடு தொடங்குகிறது. ஆகவே ஆயில் வாங்கும் கடையிலேயே வாஷரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கேனின் மூடி முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூடான ஆயில் அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கல்லூரியிலிருந்து வந்த கையோடு கழற்றாதீர்கள். அந்தச் சூட்டில் ஆயில் கையைப் பொசுக்கும், சைலன்சர் குழாயில் பட்டாலும் புண்ணாகும். சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, ஆயில் ஊற்றும் மூடியை முதலில் கழற்றிவிடுங்கள். காற்றுப் போக வழி இருந்தால்தான் கீழே ஆயில் தடையின்றி இறங்கும்.

இப்போது அந்த போல்ட். எஞ்சினின் அடிவயிற்றில், மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பதே டிரெயின் போல்ட். அதன் பக்கத்திலேயே சற்றுச் சிறிய போல்ட் ஒன்று இருக்கும். அது டைமிங் செயின் டென்ஷனருக்கு (எஞ்சினுக்குள் இருக்கும் சங்கிலியைத் தொய்யாமல் வைக்கும் பாகம்) உரியது. தவறி அதைக் கழற்றினால் ஆயிலோடு சேர்ந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் வெளியே வரும். எனவே மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்து, எது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்பேனரை வையுங்கள். திருப்ப வேண்டிய திசையிலும் ஒரு குழப்பம் வரும். போல்ட்டின் தலை தரையைப் பார்த்திருக்கிறது. நீங்களோ மேலிருந்து குனிந்து பார்க்கிறீர்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றினால் கழலும் என்பது போல்ட்டின் தலையை நேராகப் பார்க்கிறவருக்கே பொருந்தும். மேலிருந்து பார்த்து அப்படியே சுற்றினால் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். தரையில் ஒரு சாக்கை விரித்து, தலையைச் சாய்த்து, போல்ட்டை நேருக்கு நேர் பார்த்துத் திருப்புங்கள்.

இளகியதும் ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் சுற்றுங்கள். கடைசிச் சுற்று வரை போல்ட்டை மேல் நோக்கி அழுத்திப் பிடித்து, பின் சட்டென்று விலக்கினால் கையில் அதிகம் படாது. ஆயில் முதலில் பேசினின் ஓரம் வரை பாயும், பிறகு நூலாக இறங்கும், அதன் பின் சொட்டும். சொட்டு அடங்கும் வரை காத்திருங்கள். சாவியை அணைத்து வைத்தபடியே கிக்கரைச் சில முறை மிதித்தால் உள்ளே தேங்கியதும் வந்துவிடும். அந்த நேரத்தில் போல்ட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள். மினுமினுப்பான மெல்லிய தூள் இருந்தால் கவலை வேண்டாம். கியர்கள் ஒன்றோடொன்று உரசுவதால் அது வரும். விரலில் நெருடும் அளவுக்குத் துணுக்குகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்தி, அவை எஞ்சினில் படியாமல் காப்பது ஆயிலில் கலந்துள்ள பொருள்களின் வேலை. கறுப்பு நிறம் அந்த வேலை நடந்திருப்பதையே காட்டுகிறது.

திரும்பப் பூட்டுவதுதான் கவனத்துக்குரிய கட்டம். போல்ட் எஃகினால் ஆனது; அது பொருந்தும் எஞ்சின் உடலோ அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, எஞ்சினில் வெட்டியிருக்கும் மரைதான் உரிந்துபோகும். மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஹெலிகாயில் (உரிந்த மரைக்குப் பதிலாகப் பொருத்தும் கம்பிச் சுருள்) போட வேண்டியிருக்கும். அது ஆயில் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு. எனவே புதிய வாஷரைக் கோத்து, விரலாலேயே குறைந்தது நான்கைந்து சுற்று உள்ளே ஏற்றுங்கள். விரலுக்குச் சுற்ற மறுத்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஸ்பேனரால் வற்புறுத்தாமல் வெளியே எடுத்து, துடைத்து, மீண்டும் நேராக வையுங்கள். வாஷர் எஞ்சினைத் தொட்டு நின்ற பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அப்போதும் அதன் கடைசி முனையைப் பிடிக்காமல், நடுவில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். ஏறத்தாழக் கால் சுற்றில் வாஷர் நசுங்கிக் கெட்டியாகும் உணர்வு கைக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் ஸ்பேனர்) கிடைக்குமானால் மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து இறுக்குவது இன்னும் நல்லது. காலால் மிதித்து இறுக்குவது, ஸ்பேனரில் குழாயைச் சொருகி இறுக்குவது போன்ற பழக்கங்களைப் பட்டறைகளில் பார்த்திருந்தாலும் பின்பற்றாதீர்கள்.

ஊற்றும்போது, சொல்லப்பட்ட அளவில் 100 மி.லி. குறைவாகவே முதலில் ஊற்றுங்கள். மூடியோடு இணைந்த அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் அப்படியே உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஸ்பிளெண்டரில் அளவு பார்க்கும் முறை அதுதான். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் வரும் வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மூடியைப் பூட்டி, எஞ்சினை மூன்று நிமிடம் முறுக்காமல் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும்; சீல்கள் வழியே கசியவும் தொடங்கும். ஆகவே கூடுதலாக ஊற்றியதை வடித்துத்தான் ஆக வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, மறுநாள் காலையில் அதில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பின் டயரில் ஆயில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள், வழுக்கிவிடும்.

ஃபில்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைக்காரர் கேட்பார். ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. வலைச் சல்லடையும், சுழற்சி வேகத்தால் அழுக்கை ஒதுக்கும் ஃபில்டரும் வலப்பக்கக் கிளட்ச் கவருக்குள் இருக்கின்றன. கவரைக் கழற்றினால் கேஸ்கெட்டும் (கசியாமல் இடையில் வைக்கும் அடைப்பு) மாற்ற வேண்டும் என்பதால், முதல் முறையிலேயே அதில் இறங்காமல் சர்வீசின்போது மெக்கானிக்கைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல்சர் 150, புல்லட் போன்றவற்றில் ஃபில்டர் தனியாகக் கழற்றி மாற்றத் தக்கது. அந்த வண்டிக்காரர்கள் ஃபில்டரோடு அதன் ஓ-ரிங்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் காருக்கு ஊற்றியது போக 1 லிட்டருக்கும் மேல் நல்ல ஆயில் மிச்சம் இருக்கிறது. விலை உயர்ந்த ஆயில்தான். அதை என் பைக்கில் ஊற்றலாமா? நம் ஊர் வெயிலுக்குக் கனமான ஆயில்தான் நல்லது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அதுவும் உண்மையா?
(வாசகர், மேலப்பாளையம்)

பதில்: ஊற்ற வேண்டாம். காரில் எஞ்சினுக்குத் தனி ஆயில், கியர் பெட்டிக்குத் தனி ஆயில். கிளட்ச் பெரும்பாலும் ஆயிலில் படாமல் உலர்ந்தே இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கியர் பைக்குகளிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைந்து ஓடுகின்றன. எரிபொருள் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்களைப் பல கார் ஆயில்களில் சேர்க்கிறார்கள். கிளட்ச் தட்டுகளோ உராய்வினால்தான் ஒன்றையொன்று பற்றுகின்றன. அந்த உராய்வு குறைந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது எஞ்சின் இரையும், வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. பாபநாசம் மலைப்பாதையில் பின்னால் ஆள் வைத்துக்கொண்டு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். நனைந்த கிளட்சுக்குத் தக்க உராய்வு உடையதா என்று சோதித்துத் தரப்படும் ஜப்பானியத் தர அடையாளமே 'ஜாசோ எம்.ஏ.', 'எம்.ஏ.2' என்பவை. 'எம்.பி.' என்றிருப்பது உராய்வு குறைந்தது. ஆயிலில் நனையாத கிளட்ச் கொண்ட கியர் இல்லா ஸ்கூட்டர்களுக்கு உரியது. வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால் கேன்களை மாற்றி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடேறி ஓடும்போது அதன் பாகுத்தன்மை எவ்வளவு என்பதையும் குறிக்கின்றன. சூட்டில் கணக்கிடும் அளவு 100 டிகிரி செல்சியசில் எடுக்கப்படுகிறது. பாளையங்கோட்டையின் 40 டிகிரி வெயில் ஓடும் எஞ்சினின் சூட்டோடு ஒப்பிட்டால் பெரிதல்ல; நம் நாட்டு வெயிலையும் கணக்கில் கொண்டுதான் நிறுவனங்கள் தரத்தைச் சொல்கின்றன. 10டபிள்யூ-30 சொல்லப்பட்ட வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் நெருக்கமான இடைவெளிகளுக்குள் ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். மேனுவலிலேயே இரண்டு தரங்கள் சொல்லப்பட்டிருந்தால் அவற்றுள் கனமானதைத் தேர்வது தவறில்லை.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நான் தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும்தான் வண்டியை எடுக்கிறேன்.
(வாசகி, திசையன்விளை)

பதில்: மேனுவல் அட்டவணையில் கிலோமீட்டர் ஒன்றும் மாதம் ஒன்றும் இருக்கும். எது முந்துகிறதோ அதைக் கொள்ள வேண்டும். உங்களைப் போலக் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்கு மாதக் கணக்குதான் முந்தும். எஞ்சின் முழுச் சூட்டை எட்டும் முன்பே நிறுத்தப்படுவதால் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. ஓட்டம் குறைவு என்பதால் ஆயில் புதிதாகவே இருக்கும் என்று நினைக்க முடியாது. உங்கள் பகுதியில் தேரி மணலும் ஆனி, ஆடி மாதங்களின் காற்றும் சேர்ந்து ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும். அது கிழிந்தோ சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் நுண்மணல் உள்ளே போய் ஆயிலில் கலந்து பிஸ்டனையும் சிலிண்டரையும் அராவும். ஆகவே ஆயில் மாற்றும்போதெல்லாம் ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளவுக் குச்சியையும் பார்க்க வேண்டும். அளவு தொடர்ந்து குறைந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. அது ஆயில் மாற்றித் தீரும் குறையல்ல.

கேள்வி: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் எங்கள் வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. வடிந்ததும் கிக்கரை உதைத்துப் பார்த்தோம், ஓடவில்லை. பிறகு பட்டறையில் மூன்று முறை ஆயில் மாற்றினார்கள். மூன்று முறை தேவைதானா? இனி அப்படி நேர்ந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

பதில்: தேவைதான், அவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள். மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்று அமுங்குவது போல அது அமுங்காது. பிஸ்டன் மேலேறும் வேகத்தில் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆயிலைப் பொறுத்தும் இதில் ஒரு காரணம் உண்டு. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. எஞ்சின் அசையாமல் இருந்தால் அது அடியில் தங்கிவிடும். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் கலங்கல் தண்ணீர் வரும், பிறகே ஆயில் வரும். எஞ்சின் சுற்றிவிட்டால் இரண்டும் கலந்து, பால் விட்ட காப்பியின் நிறத்தில் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பு கியர்களிலும் சந்து பொந்துகளிலும் ஒட்டிக்கொள்வதால் ஒரே வடிப்பில் போகாது. புதிய ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, வடித்து, மீண்டும் ஊற்றி, வெண்மை நீங்கும் வரை இப்படியே செய்ய வேண்டியிருக்கும். கடைசியாக ஊற்றுவது தவிர, முன் சுற்றுகளுக்கு அதே தரத்தில் விலை குறைந்த ஆயிலைப் பயன்படுத்தலாம்.

இனி நேர்ந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைத் தள்ளியே மேட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்யாமலே ஆயிலை வடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் டேங்கையும் பார்த்த பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஆயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் லேசான வெண்ணிறப் படலம் தெரிந்தால் அது உள்ளே படியும் ஈரமே. ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டினால் மறைந்துவிடும்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? எங்கள் தெருவில் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். கரையான் வராமல் கதவு நிலையிலும் கட்டில் காலிலும் பூசலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. வீட்டிலேயே ஆயில் மாற்றத் தொடங்குகிற ஒவ்வொருவரும் போல்ட்டைக் கழற்றும் முன்பே இதற்கு விடை வைத்திருக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றியது அங்கேயே நிற்பதில்லை. உங்கள் ஊரில் அது வாய்க்கால் வழியாகத் தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். அந்த ஆற்றிலிருந்துதான் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் ஏராளமான ஊர்கள் குடிக்கின்றன, கார் நெல்லும் பிசான நெல்லும் அதில்தான் விளைகின்றன. ஒரு முறை வடித்த ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. அந்தக் கணக்கு கார்களுக்கானது. பைக்கில் வடிவது அதைவிடக் குறைவு என்றாலும் ஆற்றுக்கு அது சிறிய தீங்கல்ல. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளும் பயன்படுத்திய ஆயிலை அந்த வகையிலேயே சேர்த்திருக்கின்றன.

கதவு நிலையிலும் கட்டிலிலும் பூச வேண்டாம். கரையானுக்காகச் சொன்ன பெரியவர்கள் கெடுதலாக நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான சேர்மங்களும் உலோகத் தூளும் கலந்திருக்கின்றன. அடிக்கடி நெடுநேரம் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும் என்று வண்டி நிறுவனங்களே மேனுவலில் எச்சரிக்கின்றன. குழந்தை பிடித்து நிற்கும் கட்டில் காலில் அதைப் பூசுவது தகாது. கையுறை வேண்டும் என்று முன்பு எழுதியதும் இதனால்தான். கையில் பட்டால் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பேசினில் சேர்ந்ததைப் புனல் வைத்து, புதிய ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடிவிடுங்கள். தண்ணீர், பெட்ரோல், பெயிண்ட் எதையும் அதில் கலக்க வேண்டாம். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பெரிய பட்டறைகளும் சர்வீஸ் நிலையங்களும் பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்குக் கொடுக்கின்றன. நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் அப்படி ஒரு பீப்பாய் இருக்கிறதா, அதை யார் எடுத்துப் போகிறார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கேனை அங்கே கொடுங்கள். அதுவரை வீட்டில் வைத்திருப்பதானால் கேனின் மேல் 'கழிவு ஆயில்' என்று எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.